நட்டஈடு கேட்ட கால்

முதலில் உங்களுக்கு ஒரு புதிர். என்னிடம் ஒன்று இருக்கிறது. தொட்டால் தெரிகிறது. தடிமன் பிடித்தால் ஒழுகுகிறது. பேப்பர் வாசிக்கும்போது கண்ணாடியைத் தாங்குகிறது. ஆனாலும் போன மாசி மாதம் அது தொலைந்துவிட்டது. அது என்ன?

மூக்கு. சரியாகச் சொன்னீர்கள். இது என் மனைவி சிவகௌரிக்குக்கூடத் தெரியாது என்று நான் நம்பியிருந்தேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். மாசியில் நான் சைக்கிளில் நல்லூருக்குப் போனபோது பின்னால் வந்த வான் தட்டியது. வலது கால் முறிந்தது. பிடரி தார்வீதியில் அடிபட்டது. கால் பொருந்திவிட்டது. பிடரி வீக்கமும் வற்றிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சிவகௌரி ஒடியல் கூழ் காய்ச்சி வைத்தாள். உப்பும் உறைப்பும் தெரிந்தன. மற்றபடி அது சுடுநீர்.

"எப்பிடி இருக்கு?"

"மணம் ஊரைத் தூக்குது," என்றேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். சண்டிலிப்பாயில் எங்கள் வளவுக்குள் ஒரு மில் இருக்கிறது. ஊரார் மல்லியும் சீரகமும் செத்தல் மிளகாயும் கொண்டுவருவார்கள். நான் வறுத்து, அரைத்துக் கொடுப்பேன். பாதித் தூள் கனடாவுக்கும் லண்டனுக்கும் பிள்ளைகளுக்குப் பார்சலில் போகும். வறுவலின் பக்குவம் மூக்குக்குத்தான் தெரியும். மூக்கு செத்தவனிடம் யார் மல்லியைக் கொடுப்பார்கள்?

ஆகவே கண்ணால் வறுக்கத் தொடங்கினேன். ஒருவரும் குறை சொல்லவில்லை. மூக்கின் வேலையைக் கண் பழகிவிட்டது என்று எனக்குள் பெருமைதான். சிவகௌரி ஒருத்திதான் இடைஞ்சல். விபத்துக்குப் பிறகு அவள் என்னை வறுக்கும் தாச்சிக்கு முன்னால் நிம்மதியாக நிற்கவிட்டதே இல்லை.

"இஞ்சருங்கோ, அடுப்பை நூத்துப்போட்டு வாங்கோ. தேங்காய் உரிக்கவேணும்."

"இஞ்சருங்கோ, அடுப்பை நூத்துப்போட்டு ஓடி வாங்கோ. ஆடு அவிழ்ந்திட்டுது."

ஓடிப் போய்ப் பார்ப்பேன். ஆடு கட்டிய இடத்திலேயே நிற்கும்.

ஆடி அமாவாசைக்கு அவள் தன் தமையனோடு கீரிமலைக்குப் போனாள். தகப்பனுக்குச் செய்யவேண்டிய கடமை. அன்று என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆற அமர எங்கள் வீட்டுத் தூளை வறுத்து முடித்தேன். பிறகு மகளுக்குப் பால் வைத்தேன். பால் பொங்கி வழிந்து காஸ் அடுப்பின் நெருப்பை நூர்த்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. திரும்பி வந்து, அடுப்பை மறுபடி பற்றவைக்க நெருப்புக்குச்சியை எடுத்தேன்.

எட்டு வயதுக் கீர்த்திகா பாய்ந்து வந்து பெட்டியைப் பறித்தாள்.

"அப்பா, காஸ் மணக்குது."

குமிழ் திறந்தபடியே இருந்தது. அவள்தான் பூட்டினாள். அவள்தான் யன்னலையும் திறந்தாள்.

"அம்மாட்டைச் சொல்லாதை, மகள்."

தலையாட்டினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு நெருப்புப்பெட்டி அவளுடைய தலையணைக்குக் கீழே உறங்கியது.

ஆவணியில், வானுக்குரிய இன்சூரன்ஸ் கொம்பனியிலிருந்து ஓர் அதிகாரி என் காயத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. நான் ஒரு பெரிய தீர்மானம் எடுத்தேன். காலுக்கு நட்டஈடு கேட்பது. மூக்கைப் பற்றி மூச்சும் விடுவதில்லை.

முற்றத்தில் நொண்டிப் பழகினேன்.

"உங்களுக்கு முறிஞ்சது எந்தக் கால்?" என்று சிவகௌரி கேட்டாள்.

"வலது."

"இப்ப நொண்டுறது இடது."

மாற்றினேன்.

"இப்ப ரெண்டும் நொண்டுது. ரெண்டு காலுக்கும் கேப்பமோ?"

"நீர் பேசாமல் இரும். அந்தத் தம்பிக்கு முன்னாலை வாய் திறக்கப்படாது."

"நான் ஏன் திறக்கிறன்? நீங்கள் நொண்டுங்கோ. நான் தேத்தண்ணி ஊத்துறன்."

அவள் இவ்வளவு சுலபமாக இணங்கியபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

அதிகாரி யதுசன் மெலிந்த, மரியாதையான பெடியன். வாசல் படலைவரை நொண்டிப் போய் அழைத்துவந்து கதிரையில் இருத்தினேன். வேதனையை எங்கே தொடங்கலாம் என்று யோசித்தேன்.

"இஞ்சருங்கோ, ஆடு அவிழ்ந்திட்டுது."

இந்த முறை உண்மையாகவே அவிழ்ந்திருந்தது. அடுத்த வளவுப் பயற்றங்கொடியை நோக்கி ஓடியது. நானும் ஓடினேன். வேலியை ஒரே தாவலில் தாண்டி ஆட்டைப் பிடித்தேன். திரும்பி வரும்போதுதான் என் கால்களைப் பற்றி நினைவு வந்தது.

"கால் நல்லாய்ப் பொருந்தியிருக்கு, அண்ணை," என்றான் யதுசன்.

ஆட்டின் கயிற்றைப் பார்த்தேன். என் முடிச்சை அவிழ்க்க எந்த ஆட்டுக்கும் தெரியாது.

"தம்பி, காலை விடுங்கோ," என்றாள் சிவகௌரி. "இவருக்குப் போனது மூக்கு. மாசியிலை இருந்து ஒரு மணமும் தெரியாது."

"ஆர் சொன்னது? என்ரை மூக்குக்கு ஒண்டும் இல்லை."

"நான் உங்களைக் கூப்பிட்டதெல்லாம் எந்த நேரத்திலை எண்டு யோசிச்சுப் பாருங்கோ."

யோசித்தேன். தேங்காய். ஆடு. திறந்துகிடக்கு என்று அவள் சொன்ன, பூட்டிய கிணற்றுக் கதவு. ஒவ்வொரு முறையும் நான் தாச்சிக்கு முன்னால்தான் நின்றேன். ஒவ்வொரு முறையும் அடுப்பை நூர்க்கச் சொல்லியிருந்தாள்.

"பக்குவம் குசினிக்கு மணக்கும். உடனை கூப்பிடுவன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்," என்றாள். "போனதைப் போச்சுதெண்டு சொல்லுங்கோ. டொக்டரிட்டைக் காட்டுவம். நல்லாயிருக்கிற காலுக்கு ஏன் அழுறியள்?"

யதுசன் என்னைப் பார்த்தான். கீர்த்திகாவும் கதவடியில் நின்று பார்த்தாள். ஓம் என்றால் மில் போய்விடும். அதற்குப் பிறகு நான் யார்?

"எனக்கு எல்லாம் மணக்கும், தம்பி. வேணுமெண்டால் சோதிச்சுப் பாருங்கோ."

சிவகௌரி உள்ளே போய்த் தூள் போட்ட இரண்டு பேணிகளைக் கொண்டுவந்தாள். "ஒண்டு போன கிழமை வறுத்தது. மற்றது நான் கீரிமலைக்குப் போன அண்டு இவர் தனிய வறுத்தது. கருகிப்போச்சு. ஒரு கதையும் கதையாமல் எடுத்து வைச்சிருந்தன். கண்ணைக் கட்டிப்போட்டுக் கேளுங்கோ, எது நல்லது எண்டு."

அவள் கண்ணைக் கட்டத் துவாய் எடுக்கப் போனாள். யதுசனுக்குப் போன் வந்தது. நான் மகளை அருகே இழுத்தேன்.

"நீதான் பேணியைப் பிடிக்கவேணும். நல்லது வரேக்கை அப்பான்ரை கையை ஒருக்காத் தட்டு. சரியோ?"

அவள் இரண்டு பேணிகளையும் முகர்ந்து பார்த்தாள். பிறகு தலையாட்டினாள், காஸ் மணத்த அன்று ஆட்டியதுபோலவே.

கண்ணைக் கட்டினார்கள். முதல் பேணி மூக்கடிக்கு வந்தது. ஒன்றுமில்லை. சுடுநீர்கூட இல்லை. என் கையில் ஒரு தட்டும் விழவில்லை. இரண்டாவது வந்தது. அதுவும் ஒன்றுமில்லை. சின்ன விரல்கள் என் கையைத் தட்டின.

"இதுதான் நல்லது," என்றேன். "என்ன மணம், தம்பி. மல்லி அப்பிடியே தூக்குது."

நானே துவாயை அவிழ்த்தேன். யதுசன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். சிவகௌரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மகள் என் கையை இன்னும் விடவில்லை.

கீர்த்திகா தட்டியது கருகின பேணிக்கு.