ஆளில்லாத ஆய்வுக் கட்டுரை

"என் பேரு இங்க என்ன பண்ணுதும்மா?" என்று கேட்டார் உடலியல் பேராசிரியர்.

உதவிப் பேராசிரியை மேசைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். கையெழுத்துக்காக அவள் நீட்டிய ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்தில், தலைப்புக்குக் கீழே ஆறு பேர் வரிசையாக இருந்தார்கள். முதல் ஆள் அவர்தான்.

"முதல் இடத்துல இருக்கு சார்," என்றாள் அவள், பெருமையாக.

"அதைத்தான் கேக்கறேன். இதை நான் எழுதலையே."

அவள் சிரித்தாள். "சும்மா சொல்றீங்க சார்."

"நான் எதையும் சும்மா சொல்றதில்ல."

மருத்துவக் கல்லூரியில் அவருக்கு 'நேர்கோடு' என்று பேர். மாணவர்கள் கேலியாக வைத்ததை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். போன மாதம் ஆய்வு நேர்மைக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். யாரைத் தலைவராகப் போடலாம் என்று கல்லூரி முதல்வர் யோசிப்பதற்குள் இவரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வருகிறார். கல்லூரியில் ஆராய்ச்சி ஒழுங்காக நடக்கிறதா, ஒருவர் உழைப்பில் இன்னொருவர் பேர் வாங்குகிறாரா என்று பார்த்து மதிப்பெண் போடுவார். முதல்வர் இந்த ஆண்டோடு ஓய்வு பெறுகிறார். நல்ல மதிப்பெண் வந்துவிட்டால் முதல்வர் நாற்காலியும் தனக்குத்தான் என்பதில் நேர்கோட்டுக்குச் சந்தேகமே இல்லை.

"இந்தக் காலேஜ்ல இது ஒரு கெட்ட பழக்கம்மா. ஒருத்தர் மாங்கு மாங்குன்னு எழுதுவாங்க. பெரியவங்களுக்கெல்லாம் மரியாதைக்கு ஒரு இடம் குடுப்பாங்க. என் கை படாத எதுலயும் என் பேரு இருக்கக் கூடாது. எடுத்துடு."

அவள் முகம் வாடிவிட்டது. "உங்களைக் கேக்காம செஞ்சது தப்புதான் சார். ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு பாத்தேன்."

"லஞ்சம் குடுக்கறவங்களும் அப்படித்தாம்மா சொல்வாங்க."

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். பேர் இப்போது கடைசியில் இருந்தது. கடைசி இடம் துறையில் மூத்தவருக்கு என்பது மருத்துவ உலகத்து வழக்கம். முதலிடம் தன் தகுதிக்குக் குறைச்சல் என்று அவர் நினைக்கிறாரோ என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

"தள்ளி வைக்கச் சொல்லலம்மா. எடுக்கச் சொன்னேன்."

"சுத்தமாவா சார்?"

"துடைச்சு எடு."

துடைத்து எடுத்தாள். அதோடு போயிருந்தால் ஒன்றுமில்லை. மத்தியானம் கேன்டீனில் விஷயம் கசிந்தது. நேர்கோடு தன் பேரை எடுத்துவிட்டாராம். ஏன் எடுத்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால் ஆளுக்கொரு காரணம் கிடைத்தது.

பட்டியலில் இரண்டாவதாக இருந்த பொது மருத்துவத் துறைத் தலைவர் முதலில் போன் செய்தார். தன் பேர் வரும் கட்டுரைகளை அச்சில் வந்த பிறகுதான் படிப்பது என்பது அவர் கொள்கை.

"ஏம்மா, அவரே ஓடறாருன்னா உள்ள என்னமோ வெடிக்கப் போகுதுன்னு அர்த்தம். என் பேரையும் எடுத்துடு. நான் அதைப் படிச்சதே இல்லன்னு வேணும்னா எழுதிக் குடுத்துடறேன்."

அடுத்து தோல் மருத்துவர் வந்தார். கட்டுரை எழுதிய நாளில் லேப்டாப் சார்ஜர் கொடுத்து உதவியதற்காக அவரைச் சேர்த்திருந்தார்கள்.

"சார்ஜர் குடுத்தது வாஸ்தவம். ஆனா என்ன வேலைக்குன்னு நான் கேக்கவே இல்ல. நாளைக்கு விசாரணை வந்தா இதைக் கொஞ்சம் சொல்லுங்க."

விடுதிக் காப்பாளர் பேர் அதில் எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. அதை எடுக்கச் சொன்னதோடு, எதற்கும் இருக்கட்டும் என்று கல்லூரியின் மற்ற கட்டுரைகளிலிருந்தும் தன்னை விடுவிக்கச் சொன்னார்.

மிச்சம் இருந்தது புள்ளியியல்காரர். அவருக்கு 'சராசரி' என்று பேர். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் நாளெல்லாம் பேசாமல் இருப்பார். கணக்கெல்லாம் உண்மையிலேயே அவர்தான் போட்டிருந்தார். "சாரே வேணாம்னுட்டார். நமக்கு எதுக்குங்க வம்பு," என்று அவரும் கழன்றுகொண்டார்.

உதவிப் பேராசிரியை தனியாக நின்ற தன் பேரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் மட்டும் செஞ்ச மாதிரி போட்டுக்க எனக்கு மனசு வரல," என்று சொல்லி அதையும் அழித்தாள். சாயங்காலம் அந்தக் கட்டுரைக்குத் தலைப்பு இருந்தது, அட்டவணைகள் இருந்தன, முடிவுரை இருந்தது. எழுதியவர் என்று ஒரு ஜீவன் இல்லை.

முதல்வர் நேர்கோட்டைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் இவரைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவர்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க? இந்த வருஷத்தோட சிறந்த கட்டுரைன்னு அதோட தலைப்பை மதிப்பீட்டாளருக்கு அனுப்பியாச்சு. இப்ப அது அனாதையா நிக்குது. நீ ஒருத்தன் பேரைத் திருப்பிப் போடு. மத்தவங்க தானா வந்து ஒட்டிக்குவாங்க."

"பொய்க் கையெழுத்துப் போடச் சொல்றியா?"

"கையெழுத்துதான்யா கேக்கறேன். சொத்தையா கேக்கறேன்?"

"அதுக்குச் சொத்தையே தந்துடலாம்," என்றார் நேர்கோடு.

கட்டுரையை வீட்டுக்கு எடுத்துப் போனார். முதல் முறையாக அதை வரிக்கு வரி படித்தார். வயதானவர்கள் படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பது விஷயம். படிக்கப் படிக்க அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் காலையில் முதல்வர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார்.

"இது திருட்டு."

"காலங்காத்தாலயே ஆரம்பிக்காத."

"பிரஷரைப் பாதரச மானியில அளந்ததா போட்டிருக்கு. நம்ம வார்டுல பாதரச மானியைக் கடைசியா எப்பப் பாத்த? இது ரொம்பப் பழைய அளவுகள். யாரோ ஒரு அப்பாவி ஒவ்வொரு கட்டிலா நின்னு, கெழவன் கெழவியைக் கெஞ்சிக் கூத்தாடி எழுப்பி நிக்க வெச்சு எடுத்தது. எவ்வளவு நல்ல வேலை தெரியுமா? படிச்சா கண்ணுல ஒத்திக்கணும் போல இருக்கு. அந்தப் பொண்ணு அதை அப்படியே சுட்டிருக்கா."

"மெதுவாப் பேசு. கமுக்கமா முடிச்சுடலாம்."

"கமுக்கமா எதுக்கு? மதிப்பீட்டாளர் முன்னாடியே விசாரிப்போம். திருட்டு நடந்த காலேஜுன்னு யாரும் நினைக்க மாட்டாங்க. திருட்டைப் பிடிச்ச காலேஜுன்னு நினைப்பாங்க."

முதல்வருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் மறுத்துப் பேச அவரிடம் வேறு யோசனையும் இல்லை.

உதவிப் பேராசிரியையை நேர்கோடு தன் அறைக்கு வரச் சொன்னார்.

"இந்த அளவெல்லாம் எங்கேருந்து எடுத்த?"

அவள் அவரையே பார்த்தாள். "நிஜமாவே கேக்கறீங்களா சார், இல்ல என்னைச் சோதிக்கறீங்களா?"

"கேக்கறேன்."

"நீங்களே இப்படிக் கேட்டா நான் என்ன சார் சொல்றது?"

"உண்மையைச் சொல்லணும்."

அவள் கண் கலங்கியது. "உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்னு பாக்கறேன் சார்."

"என்னை யாராலயும் சங்கடப்படுத்த முடியாது," என்றார் அவர். மாட்டிக்கொண்டவர்கள் இப்படித்தான் சுற்றி வளைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. திருட்டு என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தக் கல்லூரி இல்லை, எந்தக் கல்லூரியும் அவளைச் சேர்க்காது. வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். இதெல்லாம் நேர்கோட்டுக்குத் தெரியும். பாவமாகவும் இருந்தது. ஆனால் நேர்மை என்று வந்துவிட்டால் பாவ புண்ணியம் பார்க்கக் கூடாது என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார், இரண்டு முறை.

மதிப்பீட்டாளர் வந்தார். ஓய்வு பெற்ற பெண் மருத்துவர். வரவேற்புக்குக் கொடுத்த பூங்கொத்தை வாங்கியதும் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, பேனாவைத் திறந்தார். கருத்தரங்கு அறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கட்டுரையிலிருந்து பேரை எடுக்கச் சொன்னவர்கள் கதவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்திருந்தார்கள்.

நேர்கோடு எழுந்து, தன் வாக்குமூலத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"இந்த ஆய்வில் ஒரு நோயாளியைக்கூட நான் பார்க்கவில்லை. ஓர் அளவைக்கூட எடுக்கவில்லை. ஒரு வரிகூட எழுதவில்லை. சென்ற வாரம் வரை இதை நான் படித்ததும் இல்லை. இதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று மனசாட்சிப்படி உறுதி கூறுகிறேன்."

வாசித்து முடித்து, எல்லாரும் பார்க்கக் கையெழுத்துப் போட்டு, மதிப்பீட்டாளரிடம் கொடுத்தார். அவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"எத்தனையோ காலேஜ் பாத்துட்டேன். ஓசியில வந்த பேரை வேண்டாம்னு சொன்ன பேராசிரியரை இங்கதான் பாக்கறேன். உங்களை மாதிரி ஒருத்தர் தலைமைப் பொறுப்புல இருக்கணும். இதை என் அறிக்கையிலயே எழுதறேன்."

முதல்வர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். நேர்கோடு தலையை மட்டும் லேசாக அசைத்தார். அந்த நேரத்தில் அவருக்கு உலகத்தில் ஒரு குறையும் இல்லை.

"சரி. அப்போ இது யாரோட உழைப்பு?" என்றார் மதிப்பீட்டாளர்.

எல்லாரும் உதவிப் பேராசிரியையைப் பார்த்தார்கள். அவள் தலை குனிந்திருந்தாள். "சார் சொல்றது எதுவோ, அதுவே இருக்கட்டும் மேடம்," என்றாள்.

"பாத்தீங்களா, இப்பவும் வாய் திறக்க மாட்டேங்கறா," என்றார் நேர்கோடு. "நான் கேக்கறது ஒண்ணுதான் மேடம். வார்டு வார்டா நின்னு உழைச்ச அந்த ஆளைக் கண்டுபிடிக்கணும். கட்டுரையில அந்த ஆளோட பேரு மட்டுந்தான் வரணும். அதுவரைக்கும் இந்தப் பொண்ணு காலேஜ் வாசல்ல கால் வைக்கக் கூடாது."

மதிப்பீட்டாளர் பேனாவை எடுத்தார். "இவங்க எங்கேருந்து எடுத்தாங்கன்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

யாராவது கேட்பார்களா என்று இத்தனை நாளாகக் காத்திருந்தவர்போல, கதவோரத்தில் சராசரி எழுந்து நின்றார்.

"தெரியும் மேடம். உழைச்சது யாருன்னுதான் தெரியல. நாங்க எடுத்தது, சார் எம்.டி. பட்டம் வாங்கறதுக்குக் குடுத்த தீசிஸ்லேருந்து."