இரத்த அழுத்தக் கருவியோடு ஒரு வேட்டை

வில்லோடும் அம்போடும் மட்டுமல்லாமல் இரத்த அழுத்தக் கருவி, மடக்குக் கதிரைகள், ஒரு பானை தேங்காய்ப்பால் சொதி ஆகியவற்றோடும் வேட்டைக்குப் போன ஒரே ஆள் இந்தக் கண்டத்தில் நானாகத்தான் இருப்பேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனைவி வசந்தி இந்தக் கதையை விருந்துகளில் என்னைவிட நன்றாகச் சொல்லுகிறாள். அவள் சொல்லும்போது நான் இன்னும் கொஞ்சம் மோசமாகத் தெரிகிறேன். ஆகவே நானே எழுதிவிடுவது பாதுகாப்பு.

யாழ்ப்பாணத்து ஆள் ஒருவன் சிட்னியில் எப்படி வில்லைத் தூக்கினான் என்று கேட்பீர்கள். (எல்லோரும் கேட்கிறார்கள். கோயில் ஐயர்கூட அர்ச்சனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.) நாற்பது தாண்டிய ஆண்களை ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும். சிலரைச் சைக்கிள், சிலரை ஆன்மீகம், சிலரைப் பின்வளவில் இறைச்சி வாட்டும் அடுப்பு. என்னைப் பிடித்தது வில். காப்புறுதி அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரரான கிரெக் என்னும் வெள்ளைக்காரர், ஒரு சனிக்கிழமை என்னை அழைத்துப்போய் இலக்குப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். என் முதல் அம்பு பலகையில் பட்டது. பக்கத்தில் நின்றவருடைய பலகைதான், ஆனாலும் பட்டது. அன்று விழுந்தவன்தான் நான்.

கோயில் சிற்பங்களில் காணும் வில் அல்ல இது. இரண்டு நுனியிலும் கப்பிகள் உண்டு. நாணைப் பாதித் தூரம் இழுக்கும்வரை சேற்றில் புதைந்த வண்டியை இழுப்பது போல இருக்கும். அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டால் பாரம் சட்டென்று குறைந்து, நாண் கன்னத்தருகே சாதுவாக வந்து நிற்கும். கல்யாண வாழ்க்கையும் அப்படித்தான், ஆரம்பக் கஷ்டத்தைத் தாண்டினால் போதும் என்பார் கிரெக். (அவர் இரண்டு தடவை விவாகரத்தானவர்.)

மலைகளுக்கு அப்பால் கிரெக்கின் மைத்துனருக்கு ஒரு பண்ணை. அங்கே வீட்டைவிட்டு ஓடிப்போய்க் காட்டு ஆடுகளானவற்றின் சந்ததி பெருகி, மேய்ச்சலை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. 'வந்து சுடுங்கள், புண்ணியமாகப் போகும்' என்கிற மாதிரியான அனுமதி எங்களுக்கு. பல வருட வேட்டையில் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தவை இரண்டு ஆடுகளும் ஒரு முயலும். முயல் வயதுபோய்ச் செத்தது என்பது வசந்தியின் கட்சி.

பிறகுதான் நெஞ்சு தன் வேலையைக் காட்டியது. பைபாஸ். மார்பெலும்பை வாளால் அறுத்து, காலிலிருந்து இரத்தக் குழாய் எடுத்து இதயத்தில் ஒட்டி, கம்பி போட்டுக் கட்டி அனுப்பினார்கள். 'தேநீர்க் கேத்திலைவிடப் பாரமான எதையும் தூக்கக் கூடாது' என்றார் மருத்துவர். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது ஒரு மனிதனாக வரவில்லை. கண்ணாடிச் சாமானாக வந்தேன். ஊறுகாய்ப் போத்தலைத் திறக்கக் கை வைத்தால் பறித்தார்கள். காலை, மாலை என்று மாத்திரைகள், எங்கள் பேச்சில் குளிசைகள், ஒரு பெட்டி நிறைய வந்தன. பார்க்க வந்தவர்கள் என்னை முன்னால் இருத்திக்கொண்டே வசந்தியிடம், "இப்ப ஆள் எப்பிடி?" என்று கேட்டார்கள், கராஜில் நிற்கும் காரைப் பற்றி விசாரிப்பது போல.

மாதங்கள் போயின. எலும்பு பொருந்திவிட்டது, மெல்ல மெல்லப் பயிற்சி செய்யலாம் என்று வைத்தியர்கள் சொன்ன பிறகும், கண்ணாடிச் சாமான் அந்தஸ்து மட்டும் மாறவில்லை. கராஜின் மூலையில் என் வில் தூசு பிடித்துத் தொங்கியது. அந்த மூலையில் வசந்திக்கு நெடுநாளாக ஒரு கண். பெரிய பிரீசர் ஒன்று வைக்க வேண்டுமாம்.

"இனி உந்த வில்லை ஆர் இழுக்கிறது? வித்துப்போடுங்கோவன்."

"நான் இழுப்பன்."

"நீங்களோ? நேற்று ஜன்னல் சீலையை இழுத்துப்போட்டு மூச்சு வாங்கினனீங்கள்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. (மருத்துவர் உப்பைத்தான் குறைக்கச் சொன்னார், ரோசத்தை அல்ல.) ஒரே ஒரு தடவை பண்ணைக்குப் போய், உண்மையான ஆட்டுக்கு முன்னால் அந்த வில்லை முழுதாக இழுத்துக் காட்டுகிறேன், இழுத்தால் வில் இருக்கும், இல்லாவிட்டால் பிரீசர் வரும் என்று ஒப்பந்தம் ஆனது. புராணங்களில் வில்லை வளைத்தவனுக்கு இளவரசியைக் கொடுத்தார்கள். எனக்குக் கராஜில் ஒரு மூலை. ஆனாலும் அந்த மூலைதான் அப்போது எனக்கு எல்லாமாக இருந்தது. அது பிரீசருக்குப் போய்விட்டால், மிச்சக் காலம் முழுவதும் நான் 'இப்ப ஆள் எப்பிடி?'தான்.

வில்லின் விசையைச் சட்டம் அனுமதிக்கும் ஆகக் குறைந்த அளவுவரை தளர்த்தி, பின்வளவில் பழகினேன். பத்துத் தடவை முயன்றால் நாலைந்து தடவை இழுபட்டது. போதும், போகலாம் என்று முடிவெடுத்தேன்.

இங்கேதான் நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு ஒன்று நடந்தது. என்னைத் தனியே அனுப்ப வசந்திக்குப் பயம். ஆகவே அவளும் வருவாளாம். ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? ஆகவே பெண்டில் ஹில்லில் இருக்கும் அவளுடைய சிநேகிதி பவளமக்காவும் வருவார், அவர் ஓய்வுபெற்ற நேர்ஸ். பவளமக்கா வந்தால் அவருடைய கணவர் சிவமண்ணையை யார் பார்ப்பது? அவரும் வருவார். நாலு பேர் இவ்வளவு தூரம் போகும்போது சாப்பாடு இல்லாமலா? காட்டில் ஓசை எழுப்பாமல், வாசனை காட்டாமல், தனியாக ஊர்ந்து செய்ய வேண்டிய ஒரு காரியம், கிரவீனில் எங்கள் வீட்டிலிருந்து வான் வண்டி புறப்படும்போது இடியப்பம், சொதி, கட்டைச்சம்பலோடு ஒரு சுற்றுலாவாகிவிட்டது.

பண்ணை வாசலில் கிரெக் காத்திருந்தார். வானிலிருந்து கதிரைகளும் பானையும் இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதில் எத்தனை பேர் வேட்டைக்கு, மேட்?"

"நான் மட்டும்."

"மற்றவர்கள்?"

"மருத்துவக் குழு."

கிரெக் கிட்ட வந்து மூக்கைச் சுருக்கினார். வழியில் வசந்தி என் தோளுக்கு யூகலிப்டஸ் தைலத்தை அழுத்தித் தேய்த்திருந்தாள். நான் தடுத்துத்தான் பார்த்தேன். அவளிடம் தர்க்கம் தயாராக இருந்தது. "இந்தக் காடு முழுக்க யூகலிப்டஸ் மரமெல்லோ? ஆட்டுக்கு என்ன வித்தியாசம் தெரியப் போகுது?" அதை நான் கிரெக்குக்கு மொழிபெயர்த்தேன். அவர் யோசித்தார். "மரங்களுக்கு மூட்டுவலி இல்லை, மேட்" என்றார்.

காற்று வீசும் திசை பார்த்து, மருத்துவக் குழுவைக் கீழே குளத்தடி மர நிழலில் இருத்திவிட்டு, கிரெக் தூரதரிசினியோடு மேட்டில் ஏறிக்கொண்டார். நான் சரிவின் நடுவில், ஆடுகள் தண்ணீருக்கு இறங்கும் தடத்தருகே, விழுந்து கிடந்த மரமொன்றின் பின்னால் முழங்காலில் இருந்தேன். பழைய காலத்தில் அப்படி ஒரு மணித்தியாலம் இருப்பேன். இப்போது ஐந்து நிமிடத்தில் வலது முழங்கால் முறைப்பாடு செய்தது. இடது முழங்கால் அதை வழிமொழிந்தது. பிறகு இரண்டும் விறைத்துப்போய்ப் பேச்சை நிறுத்திக்கொண்டன.

அப்போது வந்தது கிடாய்.

கறுப்பு. கொம்பு இரண்டும் அகல விரிந்து, தாடியோடு, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நடைப்பயிற்சிக்குப் போவது போல நிதானமாக வந்தது. தடத்தில் நின்று, பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு, எதையோ மென்றது. காற்று என் பக்கம் வீசியதால் தைலம் அதற்கு எட்டவில்லை.

நான் இழுத்தேன்.

பாதியில் நின்றுவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. நெஞ்சுக் கம்பிகள் ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன என்று எனக்கு அப்போதுதான் துல்லியமாகத் தெரிந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். கராஜின் மூலையில் வெள்ளையாக ஒரு பிரீசர் கண்ணுக்குத் தெரிந்தது. ஊறுகாய்ப் போத்தல் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஓர் அங்குலம் இழுத்தேன். சட்டென்று பாரம் விலகியது. நாண் வந்து கன்னத்தில் தொட்டுக்கொண்டு நின்றது.

ஒன்றும் அறுந்துவிடவில்லை. இதயம் அடித்துக்கொண்டிருந்தது, ஒழுங்காக, கெட்டியாக, யாருடையதோ போல. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (இலக்குப் பார்ப்பதற்கு இது உகந்த நிலை அல்ல.) கண்ணைச் சிமிட்டி, கிடாயின் தோளுக்குப் பின்னால் குறியை நிறுத்தினேன். விரல் அசைய வேண்டியதுதான்.

குளத்தடியிலிருந்து, பள்ளத்தாக்கு முழுவதும் எதிரொலிக்க, வசந்தியின் குரல் வந்தது.

"இஞ்சாருங்கோ! காலமைக் குளிசை போட்டனீங்களோ?"

கிடாய் மெல்லுவதை நிறுத்தியது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பதில் அதற்கும் தேவைப்பட்டது போல இருந்தது.

அந்தக் கணத்தில் ஒரு நல்ல வேட்டைக்காரன் அம்பை விட்டிருப்பான். ஒரு கெட்டிக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பான். நானோ முப்பது வருடமாகக் குடும்பம் நடத்துபவன். அந்தக் குரல் கேட்டால் என் வாய் என்னைக் கேட்காமலே திறக்கும்.

"ஓம்! போட்டனான்!" என்று கத்தினேன், நாணை முழுதாக இழுத்துப் பிடித்தபடி.

கிடாய் போய்விட்டது. ஓடியது என்றுகூடச் சொல்ல முடியாது. அங்கே இருந்தது, பிறகு இல்லை. இப்போது நாணை மெதுவாகத் திரும்ப விட வேண்டும். இழுப்பதைவிட அது கஷ்டம். பாரம் திடீரென்று திரும்பி வந்து என்னை முன்னுக்கு இழுக்க, அம்பு ஒரு பக்கம் நழுவ, நான் மரத்துக்குக் குறுக்கே, இடுப்பில் கட்டும் சாரத்தைக் கொடியில் காயப்போட்டது மாதிரி மடிந்து விழுந்தேன். அடி ஒன்றும் படவில்லை. ஆனால் விறைத்த முழங்கால்கள் எழும்ப மறுத்தன. கூப்பிட்டால் கேட்கும், கூப்பிட்டால் மூலை பிரீசருக்கு. ஆகவே கௌரவமாகக் கிடந்தேன்.

கிடாய் நேராக இறங்கிக் குளத்தடிக்குத்தான் ஓடியிருக்கிறது. கதிரையில் நித்திரையாயிருந்த சிவமண்ணையின் காலைத் தாண்டி, சொதிப் பானையைத் தட்டி ஊற்றிவிட்டுப் போனதாம். சிவமண்ணை துள்ளி எழும்பி, "ஆடு வந்திட்டுது, ஆளைக் காணேல்லை!" என்று சொல்லியிருக்கிறார். அது போதும் வசந்திக்கு.

அவள் சரிவில் ஓடி வரும் சத்தத்தைத் தலைகீழாகக் கிடந்தபடி கேட்டேன். கையில் செருப்பு, கண்ணில் தண்ணீர். பின்னால் கருவியோடு பவளமக்கா. இரண்டு பேருமாகப் பிடித்து என்னை மரத்தில் சாய்த்து இருத்தினார்கள். பவளமக்கா கையில் பட்டியைக் கட்டி, காற்றடித்து, முள்ளைப் பார்த்தார்.

"தம்பி, உம்மட பிரஷர் என்ர மனிசன்ரயை விட நல்லாக் கிடக்கு. உது முழங்கால்தான். பயப்பிடாதை, வசந்தி."

வசந்தி கண்ணைத் துடைத்தாள். வில்லைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"இழுத்தனீங்களோ?"

"இழுத்தனான். முழுசா."

"ஆர் கண்டது?"

கண்டது ஆடு ஒன்றுதான். அது இப்போது அடுத்த பண்ணையில் இருக்கும். என் முகம் தொங்கிய நேரத்தில் கிரெக் மேட்டிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தார். தான் எல்லாவற்றையும் தூரதரிசினியில் பார்த்ததாகச் சொன்னார். "முழுதாக இழுத்தார். அசையாமல் பிடித்தார். அருமையான நிலை. பிறகு ஏனோ ஆட்டைப் பார்த்துக் கத்தினார்."

அப்படித்தான் வில் பிழைத்தது. இன்றைக்கும் அது கராஜில் தொங்குகிறது. பிரீசரும் வந்துவிட்டது, வில்லுக்கு நேர் கீழே நிற்கிறது. (ஒப்பந்தத்தில் 'கீழே' பற்றி ஒன்றும் எழுதவில்லையாம்.) அதற்குள் தேங்காய்ப்பூவும் முருங்கையிலையும் உண்டு, ஆடு கிடையாது. அன்று வீடு திரும்பும் வழியில் ஆட்டிறைச்சியை மெரிலேண்ட்ஸ் கடையில்தான் வாங்கினோம். கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, உடையில் ஒட்டியிருந்த புல்லைப் பார்த்து எங்கே போய் வருகிறோம் என்று கேட்டார். நாலு பேரும் ஒரே குரலில் "பிக்னிக்" என்றோம்.

ஆனால் அன்று மலையிறங்கி வரும்போது, வானுக்குள், வெற்றிக் களிப்பில் நான் ஒரு பிழை விட்டேன். "நீர் கத்தினபடியாத்தான் ஆடு போனது" என்று வசந்தியிடம் சொன்னேன். அவள் கைப்பையைத் திறந்தாள். என் குளிசைப் பெட்டியை எடுத்து மடியில் வைத்தாள். அன்றைய காலைக் குளிசைகள் அத்தனையும் அப்படியே இருந்தன.

"பெட்டி பைக்குள்ள கிடந்ததைக் கண்டுதான் கூப்பிட்டனான்" என்றாள். "நான் கத்தினதாலை போகேல்லை. நீங்கள் 'ஓம்' எண்டு சொன்னதை அந்த ஆடே நம்பேல்லை."