தினம் ஒரு தேக்கரண்டி உப்பு

இந்த வீட்டில் இனி ஒன்று தாம் இருக்க வேண்டும், இல்லையேல் அந்தத் தங்கமீன் இருக்க வேண்டும் என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருநாள் காலையில் உறுதிபூண்டார். மீனைக் கலந்து ஆலோசிக்கவில்லை. மனைவியையும்தான்.

சன்னலோரம் ஒரு காலத்தில் அவருடைய சாய்வுநாற்காலிக்கு உரியது. இப்போது அங்கே மீன்தொட்டி. நாற்காலியோ குளியலறை வாசலுக்குக் குடிபெயர்ந்து, ஈரத்துணி சுமந்து பிழைக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது பேச்சு. வேலை முடிந்து வந்ததும் மனைவி தொட்டியின்முன் உட்கார்ந்துவிடுவாள். பேருந்தில் இடம் கிடைக்காதது, மேலாளர் முறைத்தது, முழங்கால் குத்துவது எல்லாம் மீனுக்கு விவரமாக எடுத்துரைக்கப்படும். கணவருக்கு வந்து சேர்வது இரண்டே சொற்கள்: "சாப்பாடு இருக்கு."

ஒருமுறை கேட்டே விட்டார்.

"அதுகிட்ட இவ்வளவு பேசறியே, அதுக்கு என்ன புரியும்?"

"ஒண்ணும் புரியாது. ஆனா மூஞ்சியைத் திருப்பிக்கறதில்லை."

அதன்பின் அவர் கேட்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், முகத்தைத் திருப்பிக்கொள்வது அவருடைய கொள்கை. மணமான நாள்முதல், சொன்ன வேலை எதையும் அவர் செய்ததில்லை. குழாய் ஒழுகுகிறது என்றால் செய்தித்தாள் விரியும். மின்விசிறி கிறீச்சிடுகிறது என்றால் காது மந்தமாகும். சொன்னதைச் செய்பவனுக்கு வீட்டில் என்ன மதிப்பு என்பது அவர் கட்சி. அவள் வேலை சொல்வதை ஒருநாள் நிறுத்தினாள். வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்தார். அதோடு பேசுவதும் நின்றுபோனதைத் தாமதமாகத்தான் கவனித்தார்.

கொலைக்கு வழிகாட்டியது தொலைபேசி. அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த அக்காவுக்குத் துணையாக, மனைவி ஒரு வாரம் போக வேண்டியிருந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே அவள் அக்காவிடம் பேசியது, கூடத்தில் இருந்தவர் காதில் தெள்ளத்தெளிவாக விழுந்தது. அலுவலகத் தோழி வீட்டில் மாமியார் ஒருத்தி மருமகளின் மீனைத் தீர்த்துக்கட்டிய வரலாறு அது. ஆயுதம் சமையல் உப்பாம். ஒரேயடியாகக் கொட்டினால் மீன் துள்ளிக் குதித்துக் காட்டிக்கொடுத்துவிடுமாம். தினம் ஒரு தேக்கரண்டி எடுத்து, நன்றாகக் கரைத்து, ஓரமாக ஊற்றினால் போதுமாம். ஒரு வாரத்தில் கதை முடிந்ததாம்; யாருக்கும் சந்தேகமே வரவில்லையாம். வாயில்லா ஜீவனைப் போய் இப்படிச் செய்தார்களே என்று முடிக்கையில் அவள் குரல் தழுதழுத்தது. செய்தித்தாளுக்குப் பின்னால் கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்தது.

புறப்படும்போது அவள் மீனிடம் நெடுநேரம் விடைபெற்றாள். கணவரிடம் வாசலில் நின்றபடி ஒரு வார்த்தை சொன்னாள்.

"தொட்டி பக்கம் நீங்க போகவே வேணாம். ஒரு வாரம் தீனி போடலைன்னா அதுக்கு ஒண்ணும் ஆயிடாது."

"எனக்கு அங்க என்ன வேலை?" என்றார் அவர். அவள் தெருமுனை திரும்பியதும் உப்பு ஜாடியைத் திறந்தார்.

தம் வாழ்நாளில் எந்த வீட்டு வேலையையும் அவர் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. காலையில் பல் துலக்குமுன் உப்பு. அளவு, தலைதட்டி ஒரு கரண்டி. சட்டத்தில் கண்ணாடியைப் பொருத்தும் அதே கவனத்தோடு, அடியில் ஒரு துகளும் தங்காமல் கரைத்தார். முதல்நாளே மீனின்மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிறதே என்று உப்பை மெச்சினார். மீன் கற்களில் உடம்பைத் தேய்த்தது. மரண வேதனை. சில நாள்களில் புள்ளிகள் உதிர்ந்தன. தோலே கழல்கிறது. ஊற்றும்போது அதனோடு பேசவும் செய்தார்.

"என் இடத்துல வந்தா உக்கார்றே? இன்னும் ரெண்டே நாள்தான், பார்த்துக்க."

மீன் வாயைத் திறந்து மூடிக் கேட்டுக்கொண்டது. அவ்வளவு பொறுமையாக அவர் பேச்சை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அதற்காகக் கரண்டியின் அளவை அவர் குறைக்கவில்லை.

கடைசி நாள் மீன் வாலை விசிறிக்கொண்டு தொட்டியை வலம்வந்தது. இது இறுதி ஆட்டம் என்று முடிவுகட்டினார். கடைக் கண்ணாடியில் ஒரு துக்க முகத்தைப் பழகிக்கொண்டு வீடு திரும்பினார்.

மனைவி வந்திருந்தாள். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல், தொட்டியை நாற்புறமும் குனிந்து பார்த்தாள்.

"சரியாயிடுச்சு," என்றாள்.

"எது?"

"புள்ளி நோய். நான் கிளம்பறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு. வேற மருந்து வேணாம், சமையல் உப்பே போதும், தினம் ஒரு தேக்கரண்டி கரைச்சு ஊத்துங்க, ஒருநாள்கூட விட்டுடாதீங்கன்னு மீன்கடைக்காரர் சொன்னார்."

துக்க முகம் துக்க முகமாகவே நின்றது. இப்போது அதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை.

"அப்ப அந்த மாமியார்?"

"அப்படி யாரும் கிடையாது. அக்காவும் அன்னிக்கு லைன்ல இல்லை."

"ஏன், எங்கிட்ட நேரா சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

அவர் செய்தித்தாளை எடுத்து விரித்தார்.

"நல்லதுக்குன்னா உங்களுக்குக் கை வராது. கொல்றதுக்குன்னா ஒருநாள் தவறமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அதை நம்பித்தான் போனேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். பேருந்து நேரத்தைச் சொல்வதுபோல அல்லவா சொன்னாள். மணமாகி இத்தனை ஆண்டுகளில் அவள் அவரை நம்பியது இதுதான் முதல்முறை. அதற்கு மகிழவும் அவரால் முடியவில்லை.

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் சொன்னாள்.

"மாடியில தண்ணித் தொட்டி பாசி பிடிச்சுக் கிடக்கு. தயவுசெஞ்சு நீங்க அதைக் கழுவிடாதீங்க."

கண்ணாடிக்காரர் கணக்குப் போட்டார். கழுவினால் அவள் நினைத்தது நடக்கும். கழுவாவிட்டால் அவள் சொன்னது நடக்கும். மீறுவதற்கென்று வீட்டில் ஒரு மூலையும் மிச்சமில்லை. குளியலறைக்குப் போய், தொட்டி தேய்க்கும் நாரை எடுத்தார். வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடியும் எடுத்தார்.

அதற்குள் சன்னலோரம் வந்துவிட்ட மனைவி தாழ்ந்த குரலில் மீனுக்குத் தெரிவித்தாள்: "எடுத்துட்டார்."