சேவலும் தின்ற இளமைப் பொடி

“நெசமாவா சொல்ற, பாவாயி? உனக்கு அறுபதாச்சே!”

“ஆமாங்க அக்கா. எப்பவோ நின்னு போனது. சாமியார் பொடியத் தின்னேன், மறுபடியும் ஊட்டுக்குத் தூரமாயிட்டேன்!”

கேட்ட பொன்னாயி போட்ட கூச்சலில் நாமகிரிப்பேட்டையே திரண்டது. இளமை திரும்பிவிட்டதாம்! பெரிய மனுஷியான பெண்ணுக்குச் செய்வதுபோல் பாவாயிக்கும் திரட்டிச் சீர் செய்தே ஆகவேண்டுமாம்! பல்லில்லாத தாய்மாமனைக் கட்டிலோடு தூக்கிவந்து, பச்சை ஓலைக் குடிசை கட்டச் சொன்னார்கள். அவர் ஓலையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார்.

மஞ்சள் பூசி மணையில் உட்கார்ந்த பாவாயிக்குத் தலைகால் புரியவில்லை. அடிவயிற்றில் மட்டும் ஒரு வலி. சொன்னால் சீர் நின்றுவிடுமே!

மீசையை முறுக்கியபடி இளமைச் சாமியார் பொட்டலம் வழங்கினார். கிழவிகள் முண்டியடித்தார்கள். ஊன்றுகோல்கள் காற்றில் பறந்தன. மூளைகள் அதற்கு முன்பே பறந்துவிட்டன.

அப்போது பாவாயியின் கணவர் சென்னியப்பன், அக்குளில் சண்டைச் சேவலோடு அழுதுகொண்டே வந்தார்.

“ஏனுங்க சாமி! கெழவிக்கே இளமை வந்துச்சேன்னு, உங்க பொடியச் சேவலுக்கும் தீவனத்துல கலந்து போட்டனுங்க. கொண்டை சுருங்கிப்போச்சு. கூவறதில்லீங்க. சண்டைக்கு உட்டா, எதிராளிச் சேவலப் பாத்து வெக்கப்படுதுங்க!”

கூட்டம் சிரித்தது. சென்னியப்பனின் தங்கை மகள், சேலத்து டாக்டர் சாரதாமணி, சிரிக்கவில்லை.

“அத்தை, இது இளமை இல்லீங்க. பொம்பளை ஒடம்புல சுரக்குறதப் போலவே சீமையில மாத்திரை பண்றாங்க. அதை இடிச்சுத் திருநீத்துல கலந்திருக்காரு. சேவலைப் பெட்டையாக்கும், அடங்கிப்போன கருப்பையக் கிளப்பிவிடும். உள்ளே புத்துநோய் இருந்தா, களைக்கு எருப் போட்ட கணக்குத்தான். இருக்குதா இல்லையான்னு உடனே பாக்கோணும்.”

“பொய்! இது அம்பாள் பிரசாதம்!” என்றார் சாமியார்.

“அப்படீன்னா நீங்களும் ஒரு பிடி தின்னுங்க.”

சாமியார் சேவலைப் பார்த்தார். தம் மீசையைத் தடவினார். மறுபடியும் சேவலைப் பார்த்தார். அடுத்த நொடி ஓலைக் குடிசையைத் தாண்டிக் குதித்து ஓடினார். மடியிலிருந்து சீமை மாத்திரைப் புட்டிகள் கலகலவென்று உருண்டன.

“ஓடறதுக்கு முன்னால எனக்கொரு பொட்டலம் குடுத்துட்டுப் போங்க சாமி!” என்று பின்னாலேயே ஓடினாள் பொன்னாயி.

பாவாயி மணையை விட்டு எழுந்து, முந்தானையால் மஞ்சளைத் துடைத்தாள்.

“சேவலுக்கு வந்தா நோவு, எனக்கு வந்தா வரமா? இத்தனை பேருல ஒருத்தராச்சும் யோசிச்சீங்களா? நானுந்தான் யோசிச்சனா?”

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க, அடிவயிறு வலிக்குதுங்க. அந்தச் சேவலக் கீழ உட்டுப்போட்டு, சேலத்து ஆஸ்பத்திரிக்கு வண்டி பூட்டறீங்களா?”