மச்சான் கிளப்பிவிட்ட கோல்ஃப்

மட்டாஞ்சேரி, கொச்சி
நவம்பர் 2006

மதிப்புக்குரிய மச்சான் சங்கரலிங்கம் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை கற்பகத்தின் கணவன் சுப்புராஜ் வணக்கத்துடன் எழுதுவது. மதுரையில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறைவும் இல்லாமல் இருக்க மீனாட்சி துணை நிற்கட்டும். இங்கே கற்பகம் சௌக்கியம். மகள் மஞ்சுஷா சௌக்கியம். என்னைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் போன் இருப்பது அடுக்களை வாசலில், கற்பகம் இருப்பதும் அங்கேதான். நான் மலைக்குப் போய்த் திரும்பியதிலிருந்து அவள் "என்னாச்சு, சம்பந்தம் பேசினீங்களா" என்று கேட்பதும், நான் "நல்ல குளிரு கேட்டியா" என்று சொல்வதுமாக ஒரு வாரம் ஓடிவிட்டது. இனிமேல் குளிரை வைத்துச் சமாளிக்க முடியாது.

இத்தனைக்கும் மூலகாரணம் தாங்கள்தான் என்பதை மரியாதை குறையாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காக்கநாட்டில் மஞ்சுஷாவோடு வேலை பார்க்கிற பையன் மாரிச்செல்வம், இரண்டு பேருக்கும் பிடித்திருக்கிறது, பெரியவர்கள் பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று தங்களை அவன் அப்பாவிடம் அனுப்பினோம். அந்தப் பாண்டியராஜ் சார் மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், வாயைத் திறந்தால் கோல்ஃப்தான் பேசுவார். பேச்சு அறுந்துபோகக் கூடாதே என்று தாங்கள் "எங்க சுப்புராஜும் கொச்சியில ஆடத்தான் செய்றாரு" என்று அடித்துவிட்டீர்கள். அதோடு நிறுத்தினீர்களா? என் வேலையைக் கேட்டதற்கு, "கார்ப்பரேஷன்ல ஹெல்த் ஆபீசர் மாதிரி" என்றீர்கள். அந்த 'மாதிரி'க்குள்தான் நானும் என் குப்பை லாரியும் அதன் பின்னால் வருகிற ஆட்களும் ஒளிந்திருக்கிறோம். தங்களைக் குற்றம் சொல்லவில்லை. முன்பு பெண் பார்க்க வந்தவர்கள் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு, வைத்த சாயாவைத் தொடாமல் எழுந்து போனதைத் தாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். அன்றைக்கு மஞ்சுஷா அந்த சாயாவை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஊற்றினாள். அதனால்தான் பாண்டியராஜ் சார் போன் போட்டு, "கிளப்புக்கு வாங்க, ஒரு ரவுண்டு ஆடிக்கிட்டே பிள்ளைங்க விஷயம் பேசிருவோம்" என்றபோது மாட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பக்கத்து வீட்டு ஷிபு ஃபோர்ட் கொச்சியில் ஹோட்டல் வேலைக்காரன். யாரோ ஒரு வெள்ளைக்காரர் விட்டுவிட்டுப் போன வளைந்த கோல்ஃப் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து மொட்டைமாடியில் வைத்துப் பழக்கினான். "சேட்டா, தல பொக்கண்டா, பந்தினை மாத்ரம் நோக்கு" என்றான். நான் தலையைத் தூக்காமல் பந்தை மட்டும்தான் பார்த்தேன். பந்து எதைப் பார்த்தது என்பது கீழ்வீட்டு சரோஜம்மா சேச்சியின் மீன்சட்டி உடைந்த பிறகுதான் தெரிந்தது. அத்தோடு என் பயிற்சி முடிந்தது. அந்தப் பயிற்சியையும், மஞ்சுஷா முதன்முதலாக எனக்கென்று வாங்கித் தந்த வெள்ளை ஷூவையும் நம்பித்தான் பஸ் ஏறினேன்.

மச்சான், மைதானம் என்றால் தட்டையாக இருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். அது மலை. மலைக்கு முடிவெட்டி விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். பாண்டியராஜ் சார் அடித்தார், பந்து பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது. நான் அடித்தேன், பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி அடித்தேன், பந்தைவிடத் தூரமாக ஒரு புல்கட்டி பறந்தது. அப்புறம் எப்படியோ பந்தும் கிளம்பி மேட்டில் ஏறி, பாதியில் யோசனை பண்ணி, உருண்டு உருண்டு திரும்ப என் காலடிக்கே வந்தது. பை சுமக்கிற செல்லதுரை என்பவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கோ பந்துமேல் புத்தியே போகவில்லை. பறந்த அந்தப் புல்கட்டி ஊர்க்காரர் நிலத்தில் அப்படிக் குப்புறக் கிடக்கிறதே என்று மனசு கேட்காமல் ஓடிப்போய் எடுத்து, வந்த குழியிலேயே பொருத்தி, ஷூவால் மிதித்துச் சமப்படுத்தினேன். வழியில் வேறு யாரோ பெயர்த்துப் போட்டதையும் விடவில்லை. நடுவில் ஒரு மணல்பள்ளம், அதில் போய் என் பந்து விழுந்து, வெளியே எடுப்பதற்குள் பத்துப்பேர் மிதித்த களம் ஆகிவிட்டது. ஓரத்தில் ஒரு வாருகோல் கிடந்தது. வாருகோலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? ஒரு கால்தடம் இல்லாமல் வாரி விட்டேன். நிமிர்ந்தால் பாண்டியராஜ் சார் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "இவ்வளவு நேர்த்தியா எங்க பழகினீங்க?" என்றார். "ஆபீஸ்ல" என்று வாயில் வந்துவிட்டது. அந்த நிமிஷமே தங்களுடைய 'மாதிரி' கிழிந்துபோனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்கும் மேல் ஒன்று செய்தேன், அதை எழுதவே கை கூசுகிறது. குழி இருக்கிற இடத்தில் புல்லைத் தரைவிரிப்பு மாதிரி மழித்து வைத்திருக்கிறார்கள். சாருடைய பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. சின்னக் குழந்தைகூடத் தள்ளிவிடும். ஆனால் அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நிற்கிறார், கை நடுங்குகிறது, நெற்றியில் வியர்வை. மலைக்குளிரில் வியர்க்கிறதே, பிரஷர் இருக்கும்போல என்று பயந்தேன். அவ்வளவு சுத்தமான இடத்தில் ஒரு சாமான் கிடக்கிறது, ஒரு வயசானவர் அதற்காகத் திணறுகிறார். என் முப்பது வருஷத்துக் கை எனக்கு முன்னால் குனிந்துவிட்டது மச்சான். பந்தை எடுத்தேன், சட்டையில் துடைத்தேன், ரெண்டு கையாலும் நீட்டி, "போதும் சாரே, இனி இதுக்காக மெனக்கெட வேண்டாம்" என்றேன். செல்லதுரை வாயைப் பொத்திக்கொண்டார். சாருடைய முகம் அப்படியே சிவந்துபோனது. பந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டத்தையே கெடுத்துவிட்டேன் என்று அப்போதே புரிந்தது. ஆனால் அடுத்த குழியிலும் அதே கதைதான். பந்து பக்கத்தில் வந்ததும் அவர் அடிக்காமல் நின்று என்னையே பார்த்தார். 'எங்கே, இப்போ எடு பார்க்கலாம்' என்று பார்க்கிறாரோ என்று எனக்கு உதறல். உதறலில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் மறுபடியும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒவ்வொரு குழியிலும் அவர் பார்க்க, நான் எடுக்க, கடைசிவரை இப்படியே போனது. பிள்ளைகள் விஷயம் பேசவே இல்லை. வராந்தாவில் சாயா வந்தது. அவர் குடிக்கவில்லை மச்சான். என் கையைப் பிடித்தார், ஏதோ சொல்ல வந்தார், கண் கலங்கியிருந்தது. "நான் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஒரு மனுஷனை அழுகிற அளவுக்குக் கோபப்படுத்தியவன் இந்தக் குடும்பத்தில் நான்தான்.

போன் வரவில்லை. மஞ்சுஷா ஆபீஸ் விட்டு வந்து, என் ஷூவில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டி, கழுவி, வெயிலில் காய வைத்தாள். அவள் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும். அதனால் தாங்கள் இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டுப் போய், என் கிறுக்குத்தனத்துக்கு என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, அப்பன் எப்படியிருந்தாலும் பொண்ணு தங்கம் என்று எடுத்துச் சொல்ல வேண்டும். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு எங்கள் நமஸ்காரம். பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாக வர ஆசீர்வாதம், கோல்ஃப் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
சுப்புராஜ்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் பாண்டியராஜ் சார் போன் செய்தார். ஜோசியரைப் பார்த்து நாள் குறித்துவிட்டுப் பேசலாம் என்றுதான் ஒரு வாரம் ஆனதாம். தை மாசம் கல்யாணம். கற்பகம் ஸ்டூல் போட்டாள், உட்கார்ந்துகொண்டு மிச்சத்தைக் கேட்டேன்.

பந்து குழிக்குப் பக்கத்தில் இருந்தால், விழுந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று எதிராளி எடுத்துக் கொடுப்பது அந்த ஆட்டத்தில் பெரிய மரியாதையாம். "கொஞ்ச வருஷமா அந்தச் சின்ன அடிக்குத்தான் என் கை நடுங்கும். கிளப்ல ஒருத்தன் விட்டுக் கொடுக்க மாட்டான், நின்னு வேடிக்கை பார்ப்பான். நீங்க துடைச்சு ரெண்டு கையால கொடுத்தீங்க" என்றார். பெயர்ந்த புல்லைத் திரும்ப வைப்பதும் மணலை வாரி விடுவதும்கூட நல்ல ஆட்டக்காரருக்கு லட்சணமாம். தன்னை ஜெயிக்க வைக்கத்தான் நான் தெரியாதவன் மாதிரி அடித்தேன் என்று சொல்லிச் சிரிக்கிறார்.

என் வேலையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "தெரியுமே. உங்க பொண்ணு எங்க வீட்டுல பேசின முதல் நாளே சொல்லிருச்சு. எங்கப்பா இல்லேன்னா மட்டாஞ்சேரி நாறிரும்னு சொல்லுச்சு" என்றார். மஞ்சுஷா பக்கத்தில்தான் நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் போனிலேயே அழுதிருப்பேன்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடவும். ஆனால் தாங்கள் புறப்பட்டு வருவதை மட்டும் நிறுத்த வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் கிளப்பில் ஜோடி ஆட்டப் போட்டியாம், சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே கட்சி என்று என் பெயரைக் கொடுத்துவிட்டாராம். இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் இப்போது ஒரே ஒரு பொய்தான் கிடக்கிறது. முப்பது வருஷமாக ஊரார் போட்டதை எல்லாம் நான் எடுத்திருக்கிறேன் மச்சான். இதை மட்டும் போட்டவரே வந்து எடுத்துக்கொண்டு போக வேண்டும்.