அம்பு மாமா கேட்ட சாம்பிள்

திருப்பூரில் அம்பு மாமா குறை சொல்லாத பொருள் ஒன்று உண்டென்றால், அது இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

எங்கள் காம்பவுண்டில் எதிர் வீடு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. துணியில் ஓட்டையோ கறையோ கண்டால் பக்கத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த ரோல் மாமாவின் சட்டைப் பையில் எந்நேரமும் இருக்கும். என் வாசல் கோலத்தில் ஒரு கோடு கோணினால் நிலைப்படியில் அம்பு. தோசை வட்டமாக இல்லையென்றால் தட்டில் அம்பு. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மீசை ஒரு பக்கம் ஏறியிருந்தது. அத்தை பாய்ந்து மாமாவின் கையைப் பிடித்திராவிட்டால் அன்று ரகளைதான்.

என் மகள் பிறந்த புதிதில் அவள் விரல்களை நான் பத்து தடவை எண்ணுவேன். பதினோராவது தடவை பயமாக இருக்கும். மாமா வந்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, "பாஸுங்க அம்மிணி" என்றார். அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அப்பேர்ப்பட்டவருக்கே கோளாறு வந்தது. பிராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் சொட்டு சொட்டாகத்தான் வந்தது. அவர் பாத்ரூமுக்குள் போய் வெளியே வருவதற்குள் அத்தை சோறாக்கிக் குழம்பும் வைத்துவிடுவார். மாத்திரைக்கும் கேட்கவில்லை.

"புற்றுநோய் இல்லீங்க. ஆனா இப்படியே விட்டா ஒரு நாள் மொத்தமா அடைச்சுக்கும், கிட்னி கெட்டுரும். லேசர் பண்ணிரலாம்" என்றார் டாக்டர்.

செல்போனில் படித்ததையெல்லாம் நான் மாமாவிடம் ஒப்பித்தேன். "வயித்தக் கிழிக்க மாட்டாங்க மாமா. சிறுநீர் வர்ற வழியிலயே கருவிய விட்டு அடைப்ப எடுத்துருவாங்க. தையலே கிடையாதுங்க."

மாமா துள்ளி எழுந்தார். "தையலே இல்லீங்களா? அப்பறம் எதைப் பார்த்து செக் பண்றதுங்க?"

நேராக டாக்டரிடம் போனார். "ஏனுங்க, சாம்பிள் பாத்து ஓகே பண்ணாம நாங்க எந்த ஆர்டரையும் மெஷின்ல ஓட்டமாட்டமுங்க. ஒரு சாம்பிள் காட்டுங்க."

டாக்டர் சிரித்து ஓய்ந்து, முந்தாநாள் அதே சிகிச்சை செய்துகொண்ட வெள்ளகோவில்காரர் ஒருவரிடம் சாம்பிள் காட்ட முடியுமா என்று கேட்டார். அவருக்கு ஒரே பெருமை. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மாமா கதவில் காது வைத்து, கடிகாரத்தைப் பார்த்தார்.

"கேக்குதுங்களா?" உள்ளேயிருந்து குரல்.

"கேக்குதுங்க! ஜோரா கேக்குதுங்க!" மாமாவின் முகத்தில் அப்படியொரு பொறாமை. "ஓகே, ஓட்டுங்க" என்றார் டாக்டரிடம்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் மாமா அம்பு ரோலை என் கையில் வைத்தார். "வெளிய வந்ததும் நல்லாப் பாருங்க அம்மிணி. குறையிருந்தா ஒட்டீருங்க. என்னைய நானே செக் பண்ண வராதுங்க."

லேசர், லேசர் என்று அவரை நச்சரித்தவள் நான்தானே? ஏதாவது ஆகிவிட்டால்? என் உள்ளங்கை வேர்வையில் ரோல் ஊறியது.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள், சிறுநீர் போக வைத்திருந்த டியூபை எடுத்தார்கள். மாமா பாத்ரூமுக்குள் போனார். அத்தையும் நானும் கதவருகே நின்றோம். சத்தமே இல்லை. நான் படித்ததெல்லாம் தப்போ என்று தோன்றிவிட்டது.

சட்டென்று உள்ளே குழாய் திறந்த மாதிரி சத்தம்.

"கேக்குதுங்களா?"

"கேக்குதுங்க மாமா!" என்று நான் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அழுதார்.

மாமா வெளியே வந்து, ஹேங்கரில் மாட்டிய சட்டைபோல் கைகளை விரித்து நின்றார். "பாருங்க அம்மிணி."

முன்பல் ஒன்று இல்லை. ஒரு தோள் இறக்கம். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். முன்னும் பின்னும் நன்றாகத்தான் பார்த்தேன். ஒட்ட இடமே கிடைக்கவில்லை.