யோகநாதனின் புள்ளி நடந்த கதை

பள்ளிவாசலுக்குள் இருபது நிமிடம் என்ன வேலை என்ற கேள்வி ரொறொன்ரோவிலிருந்து வந்தபோது, யோகநாதன் வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், சாரம் கட்டியபடியே படுக்கையில் கிடந்தார்.

"இஞ்சாருங்கோ, கேட்டது விளங்கினதே? விடிய அஞ்சு மணிக்கு அங்க என்ன செய்தனீங்கள்?"

"மழை தூறினது பாலேஸ். ஒதுங்கி நிண்டனான்."

"மூண்டு நாளாவோ?"

மகள் உஷாந்திக்குப் பிள்ளை பிறந்ததும் பாலேஸ்வரி மூன்று மாதத்துக்கென்று கனடா போனார். இருவர் தொலைபேசியிலும் எதையெதையோ அமத்தச் சொல்லி, ஒருவர் நிற்கும் இடம் மற்றவருக்குப் புள்ளியாகத் தெரியும்படி செய்தவள் மகள்தான். புருசன் பெண்சாதி என்றால் யார் எங்கே நிற்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது அவளுடைய கட்சி. முப்பத்தொரு வருடம் தெரியாமல்தானே குடும்பம் நடத்தினோம் என்பது யோகநாதனுடைய கட்சி. வழக்கம்போல் அவருடைய கட்சி தோற்றது.

பாலேஸ்வரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சீனி வருத்தம் என்ற நீரிழிவு உள்ள கணவர் தினமும் கடற்கரை வீதியில் ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும். புள்ளி நடக்காவிட்டால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவார்.

யோகநாதன் முதல் நாள் படியிறங்கினார். பதினொரு வருடமாக அந்த வீதியில் அரை அடி பின்னால் வந்து, ஊர்ப் புதினம் முழுவதையும் காதில் ஓதிய பாலேஸ்வரி அன்று இல்லை. கடல் மட்டும் இரைந்தது. கால் எழும்பவில்லை, திரும்பி ஏறிவிட்டார். மனிதருக்கு மனைவி மேல் இருந்த ஆசை சப்பாத்துக்குள்தான் இருந்தது போலும்.

ஆனால் பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு அவள் தனக்காக ஓடிவந்தாள் என்ற பெயர் வேண்டாம் என்று ஒரு ரோசம். எதிர் வீட்டு மஷூர் தினமும் நடப்பவர். அவருடைய சட்டைப் பையில் தொலைபேசியைப் போட்டு அனுப்பினார்.

"சேர், நான் பள்ளிவாசல்ல சுபஹ் தொழுதிட்டுத்தான் நடக்கப் போற. பரவாயில்லையா?" என்று மஷூர் முதலிலேயே கேட்டார். பரவாயில்லை என்று சொன்னவர் இவர்தான்.

இப்போது பரிகாரம் தேட வேண்டியதாயிற்று.

"மஷூர், வரேக்குள்ள பிள்ளையார் கோயிலடியிலயும் ஒரு பத்து நிமிசம் நில்லுமன்."

"நிண்டு?"

"சும்மா நிண்டாக் காணும். முன்னுக்குத் தேத்தண்ணிக் கடை இருக்கு."

மஷூர் பிளேன்டீ குடித்தார். புள்ளி பிள்ளையாரைக் கும்பிட்டது.

நான்காம் நாள் பாலேஸ்வரியின் குரல் தழுதழுத்தது. "கலியாணம் கட்டின நாளில இருந்து உங்களைக் கோயிலுக்குக் கூப்பிட்டு என்ர தொண்டைத் தண்ணி வத்தினது. நான் இல்லாட்டித்தான் உங்களுக்குப் பக்தி வருமெண்டா, இன்னும் கொஞ்சம் இருந்திட்டே வாறன். வருசப்பிறப்பு முடியட்டும்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. யோகநாதன் நாட்காட்டியைப் பார்த்தார். வருசப்பிறப்புக்கு இன்னும் நூற்று முப்பது நாள்.

மாலைகளில் அவர் பல்கனியில் உட்கார்ந்து மனைவியின் புள்ளியைப் பார்ப்பார். அங்கே அப்போதுதான் விடியும். வெள்ளவத்தையில் தனியாகச் சந்தையைத் தாண்டாத மனுசி, ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் சும்மா இருப்பதில்லை. பெரிய கடைத்தொகுதி, நூல்நிலையம், ஏரிக்கரை, இன்னொரு கடைத்தொகுதி என்று ஒரு நாளைக்கு ஒன்பது இடம். பனியென்றும் பாராமல் திரிகிறாள், சந்தோசமாக இருக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு அந்தப் புள்ளியை விரலால் மெல்லத் தடவுவார். புள்ளி பெரிதாகுமே தவிரக் கிட்ட வராது.

இரண்டு மாதம் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை மஷூர் நடந்த கையோடு மாளிகாவத்தைக்கு மச்சானின் கலியாணத்துக்குப் போய்விட்டார். தொலைபேசி அவருடைய பையில். பகல் இரண்டு மணிக்கு ஒரு புரியாணிப் பார்சலோடு ஓடிவந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சேர், சுத்தமா மறந்திட்டன். காலையில அடிச்சதும் கேக்கல்ல."

கைக்கு வந்தவுடனேயே அது அடித்தது. கனடாவில் அப்போது விடியக்கூட இல்லை. இந்த நேரத்தில் இவளுக்கு என்ன முழிப்பு என்று யோகநாதன் ஒரு கணம் யோசித்தார். பயத்தில் அதை விட்டுவிட்டார்.

"மாளிகாவத்தையில ஆறு மணித்தியாலம்?"

"மஷூரின்ர மச்சானின்ர கலியாணம்."

"புரியாணியோ?"

"ஓம்." அது மட்டும் பொய்யில்லை. பார்சல் சுடச்சுடக் கையில் இருந்தது.

"நடக்கிறியள், கோயிலுக்குப் போறியள், கலியாண வீட்டுக்கும் போறியள். நான் இல்லாமல் உங்களுக்கு ஒரு குறையுமில்லை. பிறகேன் நான் அவசரப்பட்டு வருவான்? பிள்ளையின்ர முதலாவது பிறந்தநாளும் முடியட்டும். என்ன சொல்லுறியள்?"

'வாரும்' என்ற ஒரு சொல் அவருடைய நுனி நாக்கு வரை வந்தது.

"உம்மட விருப்பம்," என்றார் யோகநாதன்.

புரியாணியை அவர் தொடவில்லை. பொழுது சாயும் வரை பல்கனியிலேயே இருந்தார். கீழே கரையோர ரயில் தெஹிவளைப் பக்கம் போயிற்று. கையில் மனைவியின் புள்ளி ஏதோ கடைத்தொகுதியின் வாசலில் நின்றது. பிறந்தநாள் வருவதற்கு இன்னும் பத்து மாதம். பத்து மாதம் பொய் நடை நடக்க மஷூருக்குத் தெம்பு இருக்கலாம், யோகநாதனுக்கு இல்லை.

அவர்கள் கதைப்பது எப்போதும் காலை ஏழு மணிக்கு. அந்த ஒழுங்கைத் தானும் முதல்முறையாக மீறி யோகநாதன் மனைவியின் எண்ணை அமத்தினார். மறுமுனையில் எடுத்த சத்தம் கேட்டதும், தைரியம் போவதற்குள் ஒரே மூச்சில் கொட்டினார்.

"பாலேஸ், நான் ஒரு நாளும் நடக்கயில்லை. நடந்தது மஷூர். நீர் இல்லாமல் எனக்கு ஏலாது. அந்தக் கடையளை விட்டிட்டு வாரும். கெதியா வாரும்."

பதிலுக்கு ஒரு ஆண் குரல் தொண்டையைச் செருமியது.

"மாமா, நான் அபிஷன் கதைக்கிறன்."

மருமகன்! வான் வண்டி ஓட்டிப் பார்சல்கள் வினியோகிப்பவன். யோகநாதனுக்குக் காது மடல் சுட்டது.

"தம்பி... மாமி பக்கத்தில நிக்கிறாவோ? ஃபோனைக் குடும்."

"மாமி வீட்டு வாசல்படி தாண்டி ரெண்டு மாசம், மாமா, நீங்கள் அங்க சந்தோசமாத் திரியேக்குள்ள தான் மட்டும் இஞ்ச அழுதுகொண்டு கிடக்கிறது தெரிஞ்சிடக் கூடாதெண்டு, தன்ர ஃபோனை ஒவ்வொரு நாளும் என்ர வேலை வானுக்குள்ள போட்டு விடுறா."